அச்சு விலகலும் அதன் மூலமும்

இடியப்ப உரலைக் கையாளாத வீடு நம்மிடையே அரிது. உரலின் துளையும் அதனுட் புகுந் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பின், மா நாற்புறமும் ஒப்ப அழுந்திக் கண்கள்தோறும் ஒரு சீராக இழியும். அழுத்துங் கைகள் இரண்டனுள் ஒன்று மற்றையதினும் மிகுந்தால் தண்டு சரியும்; மா ஒருபுறத்தால் மேலே பிதுங்கும். அப்பொழுது உரலைக் குறை கூறுவாரும் உளர். மாவைக் குறை கூறுவாரும் உளர். தம் கையைக் குறை கூறுவார் மிகச் சிலரே. இரு பொருள்கள் ஒன்றனுள் ஒன்று புகுந்து தொழில் செய்யுமிடமெல்லாம் அவற்றின் அச்சுக்கள் ஒன்றாதல் வேண்டும் என்பதும், ஒன்றாவிடின் அக்குற்றம் எதனிடத்தது எனக் காண்டல் எளிதன்று என்பதும் இச்சிறு கருவியாலேயே விளங்கும்.

ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் இதனினுஞ் சற்றே நுண்ணியது. ஐக்கிய அமெரிக்காவில் இலக்கெய்தலை ஒரு விளையாட்டாகப் பயில்வோர் பலர், ஒருமுறை சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறிந்துவிடுவதில்லை. அதனைப் பழைய அளவுக்கு ஒடுக்கி, புதிய கேப்பும் மருந்தும் சன்னமும் இட்டு, மீண்டும் பயன்படுத்துவர். தோட்டாவின் உறுப்புக்களுள் விலை மிக்கது கோதே ஆதலின், இம்முயற்சி முதலிற் சிக்கனங் கருதியே பரவியது. பின்னர்த் தொழிற்சாலைத் தோட்டாவினும் நுட்பமான தோட்டாவைத் தம் கையாலேயே ஆக்கலாம் என்னும் வேட்கையால் வளர்ந்தது. தோட்டா என்னுஞ் சொல் நம் நாட்டார் செவிக்கு இனியதன்று. அதற்குக் காரணங் கூறவும் வேண்டுவதில்லை. யான் கூறப்புகுவது கடதாசியில் வரைந்த வட்டத்தைத் துளைப்பதன்றி வேறு பயன் நாடாத தோட்டாவைப் பற்றியே. அதிலும் என் நோக்கம் தோட்டாவன்று. அதனை ஆக்குங் கருவியில் நேரும் ஒரு பிழையும், அப்பிழையின் மூலத்தைத் தேடும் முறையுமே ஆகும். நம் மாணவர் பௌதிக ஆய்வுகூடத்தில் நாடோறும் எதிர்ப்படும் இடர்ப்பாடு அம்முறையிற் பொதிந்துள்ளது.

முதற்கண் கருவியின் அமைப்பை அறிதல் வேண்டும். 1906 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் ஏற்றுக்கொண்டதும், பின்னர் வேட்டைக்காரரும் இலக்கெய்வோரும் பெரிதும் விரும்பியதுமாகிய 'தேட்டி-ஓட்-சிக்ஸ்' என்னுந் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் கோது ஏறக்குறைய இரண்டரை அங்குல நீளமுடையது. போத்தலைப்போல் அகன்ற உடலும், சரிந்த தோளும், ஒடுங்கிய கழுத்தும் உடையது. கழுத்தினுள் இறுகப் பிடிக்கப்பட்டிருக்குஞ் சன்னத்தின் விட்டம் 0.308 அங்குலம். சுடும்போது வாயுவின் அழுக்கத்தாற் கோது விரிந்து துப்பாக்கியின் அறையை நிரப்பிவிடும். ஆகவே மீண்டும் பயன்படுத்துமுன் அதனை ஒடுக்குதல் வேண்டும். அதற்கு உதவுவதே 'டை' எனப்படும் உறுதியான உருக்குக் கூடு. அதன் உட்புறம் கோதின் வடிவாகவே குடையப்பட்டிருக்கும். வெளிப்புறத்தில் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். பெரும்பாலான டைகளின் புரி 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்குப் பதினான்கு சுற்றும் உடையதாக ஒரே அளவினதாய் இருத்தலின், ஒருவர் ஆக்கிய டையை மற்றொருவர் ஆக்கிய அழுத்துபொறியிற் பொருத்தலாம். இவ்வசதியே பல வழக்குகளுக்கும் காரணமாயிற்று என்பது பின்னர்த் தெரியும்.

அழுத்துபொறியின் மேற்சட்டத்தில் டை தலைகீழாகத் திருகப்படும். கீழிருந்து நெம்புகோலால் உயர்த்தப்படும் ஏறுதண்டின் உச்சியிற் கோதுபிடி என்னுஞ் சிறு வில்லை இருக்கும். கோதின் அடிவிளிம்பு அதன் பிளவினுள்ளே பக்கவாட்டிற் செருகப்படும். நெம்புகோலை இழுத்தால் கோது மேலேறி டையினுட் புகுந்து ஒடுங்கும். டையின் நடுவே தொங்கும் மெல்லிய கம்பியின் நுனியிலுள்ள ஊசி, பழைய கேப்பை அடித்துளை வழியே வெளியே தள்ளும். அக்கம்பியிலேயே ஊசிக்குச் சற்று மேலே விரிகுமிழ் ஒன்று உண்டு. கோது கீழிறங்கும்போது, அளவுக்கு மிஞ்சி ஒடுங்கிய கழுத்து அக்குமிழின்மேல் இழுபட்டுச் சன்னத்துக்கேற்ற அளவுக்கு விரியும். இஃது ஒடுக்கு டையின் தொழில். மருந்து இட்டபின் சன்னத்தைக் கழுத்தினுள் அமிழ்த்துதற்கு இருத்து டை என வேறொன்று உண்டு.

ஆக, ஏறுதண்டு, கோதுபிடி, கோது, டை, கம்பி, குமிழ், சன்னம் ஆகிய ஏழும் ஓர் அச்சில் நிற்றல் வேண்டும். ஒன்று பிறழினும் கழுத்து உடலுக்குக் கோணலாகும். அல்லது சன்னம் கழுத்திற் கோணலாக அமையும். கண்ணுக்கு அக்கோணல் புலப்படாது. மேல்நோக்கிப் பிளந்த சரிவான பள்ளமுடைய இரு கட்டைகளின்மேல் தோட்டாவைக் கிடத்தி, சன்னத்தின் நுனிக்கு அண்மையில் டயல் கேஜின் முனையைத் தொடவிட்டு, தோட்டாவை விரலால் உருட்டினால், ஊசி முன்னும் பின்னும் ஓடும். அவ்வோட்டமே விலகலின் அளவு. ஊசி ஓடுவது அச்சு விலகலின் இருமடங்கு என்பதை மறத்தலாகாது. ஊசி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு ஓடுமாயின், அச்சு விலகியது மூன்று பங்கே. ஒருவர் ஓட்டத்தைக் கூற மற்றவர் விலகலெனக் கொண்டு பிணங்குதல் இத்துறையில் வழமை.

இத்துணைச் சிறு அளவைப் பற்றிக் கவலுவதேன் என்று வினவலாம். இதற்கு விடை நம் மாணவர் அறிந்த வட்ட இயக்கத்திலேயே உண்டு. துப்பாக்கிக் குழலின் உட்புறத்திலுள்ள சுழற்புரி பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைந்தது எனக் கொள்வோம். சன்னத்தின் ஈர்ப்பு மையம் குழலின் அச்சில் அமையாது சிறிது விலகி நின்றால், சன்னம் குழலினுட் செல்லுங்கால் அம்மையம் அச்சைச் சுற்றிச் சுருள்வழியே செல்லும். குழல்வாயைக் கடந்தவுடன் அதனை வட்டத்திற் பிணித்து வைத்த விசை நீங்கிவிடும். கவண் கயிற்றை விட்ட கல்லைப்போல் மையம் தொடலி வழியே பக்கவாட்டில் ஓடும். நூறு யார் என்பது 3,600 அங்குலம். அத்தூரத்தில் 360 சுற்றுக்கள் அடங்கும். ஒவ்வொரு சுற்றின் காலத்திலும் மையம் பக்கவாட்டிற் கடக்குந் தூரம் அச்சிறு வட்டத்தின் பரிதிக்குச் சமன். விலகல் ஓர் அங்குலத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்காக இருப்பின், பரிதி ஏறக்குறைய 0.00063 அங்குலம், அதனை 360 ஆற் பெருக்கினால் 0.226 அங்குலம். காற்றின் தடையைப் புறக்கணித்துச் செய்த இக்கணக்கிற் சன்னத்தின் வேகம் எங்கும் வாராமை நோக்கத்தக்கது. வேகம் கூடினாற் சுழற்சியும் கூடும், பறக்குங் காலமோ குறையும்; ஒன்றையொன்று நீக்கிவிடும். மேசைமேற் றுப்பாக்கியை ஊன்றி நூறு யார் தூரத்திற் போட்டியிடுவோர், ஐந்து சன்னங்களையுங் கால் அங்குலத்தினுள் அடக்க முயல்பவர். பதினாயிரத்தில் ஒரு பங்கு அவர்க்குப் பெரும்பொருளே அன்றோ!

தோட்டாவிற் காணும் விலகல் அவ்வளவும் ஈர்ப்பு மையத்தின் விலகலாக மாறிவிடும் எனக் கொள்ளல் பிழை. சன்னம் புரியினுட் புகும்போது குழலே அதன் கோணலில் ஒரு பகுதியைத் திருத்திவிடும். எஞ்சுவதே இலக்கிற் றோன்றும். அமெரிக்க மருத்துவராகிய பிராங்க்ளின் மான் என்பார் இத்தகைய வினாக்களுக்கு விடைகாணப் பல்லாண்டு உழைத்து, 1909 ஆம் ஆண்டில் மருந்தினின்றும் இலக்குவரை சன்னம் செல்லும் வழியை ஆராயும் நூலொன்றை வெளியிட்டார். குழலை அசையாது தாங்குதற்குச் சீமெந்தாலாகிய பெருந்தூண் ஒன்றை நிறுவியதோடு, சன்னங்களை வேண்டுமென்றே ஊறுபடுத்திச் சமநிலை குலைத்து, ஊறுற்ற பக்கம் எங்கே நின்றது, சன்னம் எங்கே பட்டது என்பவற்றைக் குறித்துவைத்தார். அவர் பிழையை நீக்க முயன்றதனோடு அமையாது, பிழையைத் தாமே ஆக்கி அதன் போக்கைக் கண்டறிந்தமையே அவர்தம் சிறப்பாக எனக்குத் தோன்றுகிறது.

இனி, இக்கட்டுரை எழுத என்னைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். என்னோடு பயின்று, பின்னர் அமெரிக்காவிற் குடியேறிய நண்பர் ஒருவர் இவ்விளையாட்டில் ஈடுபாடுடையவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் இல்லத்திற் றங்கியிருந்தபோது, வாகனம் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில் அழுத்துபொறி மூன்றையும், பெட்டிகளில் டைகள் பலவற்றையுங் கண்டேன். ஒரே அளவான தோட்டாவுக்கு இத்தனை எதற்கென வினவினேன். தம் தோட்டாக்களிற் பல டயலின் ஊசியை எட்டுக் கோடு ஓடச் செய்தன என்றும், முதலிற் டையை ஆக்கியோர்மீது குறைகூறிக் கடிதம் எழுதினார் என்றும், வேறு டை வாங்கியும் தீராமையாற் பொறியை மாற்றினார் என்றும், பின்னர் இரண்டையும் ஒருங்கு மாற்றினார் என்றும் கூறினார். செலவிட்ட பணத்தை அவர் சொல்லவில்லை. அவர் மனைவியார் சொன்னார். ஊசி இன்னும் எட்டுக் கோடே ஓடியது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் விளங்காது விழித்தார். எவ்வளவு விலகியது என்பதை ஒவ்வொரு தோட்டாவிலும் நுணுகி அளந்து குறிப்பேட்டில் எழுதியிருந்தார். எத்திசையில் விலகியது என்பதை ஒருமுறையேனுங் குறித்திலர்.

விலகல் என்பது வெறும் எண்ணன்று. பருமனும் திசையும் உடைய காவி. பருமன் நோயின் கடுமையைக் கூறும்; திசையே அது பிறந்த இடத்தைக் காட்டும். மேசன்மார் இதனை நன்கறிவர். கண்ணாடிக் குழலினுட் குமிழி மிதக்கும் மட்டக்கோலைச் சுவரின்மேல் வைத்துக் குமிழி கிழக்கே ஒதுங்கக் கண்டால், தேர்ந்த மேசன் உடனே சுவரை இடியான். கோலைத் தலைமாற்றி வைப்பான். குமிழி மீண்டுங் கிழக்கே நின்றாற் குற்றம் சுவரினது. மேற்கே சென்றாற் குற்றம் கோலினது. ஒன்றைத் திருப்பி மற்றொன்றைத் திருப்பாது விட்டால், பிழை எதனோடு செல்கின்றதோ அதனுடையதே. இம்முறைக்குச் சிறந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை; ஒரு மைக்கோடு போதும்.

நண்பரின் பொறியில் இதனையே செய்தோம். பத்துக் கோதுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கோதுபிடியிற் செருகியவுடன், பொறியின் முன்புறத்தை நோக்கிய பக்கத்தில் அடிவிளிம்பின்மேல் மையாற் கோடிட்டோம். ஒடுக்கியபின் டயலில் உருட்டி, ஊசி உச்சத்தை அடையும் பக்கத்திற் புள்ளியிட்டோம். கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள கோணம் எல்லாக் கோதுகளிலும் ஒன்றாயிருப்பின், குற்றம் பொறியிலோ டையிலோ நிலைத்து நிற்பது. கோணம் கோதுக்குக் கோது மாறுமாயின், குற்றம் கோதோடு வந்தது. முன்னைய நிலையில் இன்னும் ஒரு படி உண்டு. டையை அரைச்சுற்றுத் திருப்பிப் பொருத்தி மீண்டும் அளக்க, புள்ளி எதிர்ப்புறஞ் சென்றாற் குற்றம் டையினது. இருந்தவிடத்தே இருந்தாற் பொறியினது. அரைச்சுற்றுத் திருப்புவதால் டை ஓர் அங்குலத்தின் இருபத்தெட்டிலொரு பங்கு உயரவோ தாழவோ செய்யும் ஆதலின், சோதனை முடிந்தபின் பழைய உயரத்துக்கு மீட்டமைத்தல் வேண்டும்.

இரு மூலங்கள் ஒருங்கே இருப்பின் நிகழ்வது இன்னுஞ் சுவையானது. கோதினால் வரும் விலகல் மூன்று கோடும், பொறியினால் வருவது இரண்டு கோடும் எனக் கொள்வோம். கோதைச் செருகும் முகத்துக்கேற்ப இவை ஒருதிசைப்பட்டு ஐந்தாகவும், எதிர்ப்பட்டு ஒன்றாகவும், இடைப்பட்ட எவ்வளவாகவும் தோன்றும். ஒரே பொறியிற் பிறந்த தோட்டாக்களுள் ஒன்று குற்றமற்றதாகவும் மற்றொன்று பெருங்கோணலாகவும் இருப்பதன் மருமம் இதுவே. நேரான தோட்டா ஒன்றைக் கண்டு பொறி நேரானது என்று துணிபவன், இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்ததைக் கண்டவனே ஆவான்.

நண்பரின் பத்துக் கோதுகளில் புள்ளிகள் எத்திசையிலும் ஒருங்கு சேரவில்லை. நாற்புறமுஞ் சிதறி நின்றன. டையும் பொறியும் இக்குற்றத்தின் முதற்காரணமல்ல என்பது ஒரு நாழிகையுள் வெளிப்பட்டது. அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார்.

அடுத்தது படிப்படியாக அளத்தல். சுட்டபின் எடுத்த கோதை ஒடுக்காமலே அளந்தோம். கழுத்து நேராகவே இருந்தது. விரிகுமிழுள்ள கம்பியைக் கழற்றிவிட்டு ஒடுக்கி அளந்தோம். அப்பொழுதும் ஊசி இரண்டு மூன்று கோட்டுக்கு மேல் ஓடவில்லை. கம்பியை மீண்டும் பூட்டி ஒடுக்கியவுடன் ஊசி எட்டுக்குத் தாவியது. குற்றவாளி குமிழை அடுத்த இடத்திலேயே ஒளிந்திருந்தான்.

குமிழின் தொழில் முரணானது. கோது டையினுள் முழுதும் புகுந்திருக்கையில் நாற்புறமும் உருக்குச் சுவர் தாங்குகின்றது. ஆனாற் குமிழ் கழுத்தை விரிக்கும் வேளையிற் கோது கீழிறங்கத் தொடங்கி அத்தாங்கலை இழந்துவிடும். கழுத்து குமிழைக் கெட்டியாகப் பற்ற, கோதுபிடி அடிவிளிம்பின் உதட்டைப் பற்றிக் கீழே இழுக்கும். பிடியோ ஒரு பக்கந் திறந்த பிளவுடையது. ஆகவே இழுவிசை விளிம்பின் வட்டம் முழுவதிலும் ஒப்பப் படராது. கழுத்தின் உட்புறம் உலர்ந்திருப்பின் உராய்வு மிகுந்து, கிறீச்சென்னும் ஓசையும் எழும். அவ்வோசையைக் கேட்டபின்னும் தொடர்பவர் பின்னர்க் கோணலைக் கண்டு வியத்தல் தகாது. கோதின் வெளிப்புறத்துக்கு எண்ணெய்ப்பசை இடும் பலர் கழுத்தின் உட்புறத்தை மறந்துவிடுவர். காரீயத் தூளைத் தூரிகையாற் சிறிது தடவினாற் போதும். குமிழை மெருகிட்டு வழவழப்பாக்கலும் நன்று. கம்பியின் பூட்டைத் தளர்த்தி, குமிழ் கழுத்தினுள் நிற்கும் நிலையில் நெம்புகோலை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டே பூட்டை இறுக்கினால், கம்பி தன் நடுவிடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

கம்பி வளைந்திருத்தலும் உண்டு. அதற்கொரு காரணம் வரலாற்றின் விளையாட்டு. இங்கிலாந்தின் வூலிச் ஆயுதசாலையைச் சார்ந்த எட்வேட் பொக்சர் என்பார் ஆக்கிய கேப்பின் கோது, அடியில் நடுத்துளை ஒன்றே உடையது. அமெரிக்கராகிய ஹைரம் பேர்டன் ஆக்கிய கேப்பின் கோது நடுவே துளையின்றிப் பக்கத்தே இரு சிறு துளைகள் உடையது. இரண்டுந் தோன்றியது 1860 களிலேயே. காலப்போக்கில் ஆங்கிலேயன் முறை அமெரிக்காவில் நிலைபெற்றது. அமெரிக்கன் முறை ஐரோப்பாவிற் பரவியது. அறியாதவன் ஐரோப்பியக் கோதொன்றை அமெரிக்க டையினுட் செலுத்தினால், ஊசி துளையைக் காணாது பித்தளையின்மேல் மோதி ஒடியும். அல்லது கம்பியையும் வளைத்துவிடும். வளைந்த கம்பியின் குமிழ் அதன்பின் எந்தக் கோதையும் நேராக விடாது.

குமிழ் உலர்ந்து இழுத்தது சரி. ஆனாற் புள்ளிகள் நாற்புறமுஞ் சிதறியது ஏன்? இவ்வினா என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. மறுநாட் கழுத்துச் சுவரின் தடிப்பைச் சுற்றிலும் அளந்தபோது விடை கிடைத்தது. ஒவ்வொரு கோதிலும் ஒருபுறம் தடித்தும் எதிர்ப்புறம் மெலிந்தும் இருந்தது; புள்ளி பெரும்பாலும் அத்தடிப்பு மெலிவுக் கோட்டை அடுத்தே விழுந்திருந்தது. கோது செய்யும் முறையை எண்ணினால் இது வியப்பன்று. செம்பு எழுபதும் நாகம் முப்பதுமாகக் கலந்த பித்தளைத் தகட்டிலிருந்து வட்டவில்லையை வெட்டி, கிண்ணமாக்கி, பின்னர்ப் பல முறை உளியும் டையுங் கொண்டு நீட்டி நீட்டியே கோது ஆக்கப்படுகிறது. அங்கே உளியின் அச்சும் டையின் அச்சும் மயிரிழை விலகினால், சுவரின் ஒரு பக்கம் தடித்துவிடும். அஃதாவது நண்பரின் கொட்டகையிற் றேடிய குற்றம், தொழிற்சாலையில் அதே இனமான கருவியில் அதே இனமான குற்றமாக முன்னரே பிறந்துவிட்டது!

தடிப்பு ஒவ்வாத கழுத்தை டை வெளியே இருந்து ஒடுக்கும்போது, புறவட்டம் உடலின் அச்சோடு ஒன்றிவிடும். ஒவ்வாமை முழுதும் உட்டுளைக்குச் சென்றுவிடும். துளையின் மையம் இப்பொழுது அச்சில் இல்லை. நடுவே நிற்குங் குமிழ் அத்துளையினூடே வரும்போது மெல்லிய பக்கம் எளிதில் இளகும். தடித்த பக்கம் எதிர்த்து நிற்கும். கழுத்து ஒருபுறம் சாயும். டை எவ்வளவு செவ்விதாயினும் இதனைத் தடுத்தல் இயலாது. இத்தகைய கோதுக்கு வைத்தியம் இரண்டே: தடிப்பை அளந்து பொறுக்கி மிகையானவற்றை நீக்கிவிடுதல், அல்லது கழுத்தைச் சிறு கடைசற் கருவியாற் சீவிச் சமனாக்குதல். முன்னையது பொறுமையை வேண்டும். பின்னையது பொறுமையையும் பணத்தையும் வேண்டும்.

பித்தளையின் இயல்பும் இங்குக் கருதற்பாலது. அது அடிக்கடி ஒடுங்கியும் விரிந்தும் உழைக்குந்தோறும் வன்மையடைந்து, வளைத்தவிடத்தினின்றும் மீள முயலும். கழுத்தை அளவாகச் சூடாக்கி இளக்கினாலன்றி ஒரே டை ஒரே அளவைத் தராது. உள்ளே உறையும் இத்தகைவு எத்துணைக் கொடியது என்பதற்கு அயல்நாடாகிய இந்தியாவில் ஒரு சான்று உண்டு. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் அங்குச் சேமிக்கப்பட்ட தோட்டாக் கோதுகள், மழைக்காலத்தில் எவருந் தொடாமலே வெடித்துப் பிளந்தன. பருவத்தோடு வந்தமையின் அதனைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தனர். 1921 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி, உள்ளுறை தகைவும் காற்றிலுள்ள அமோனியாவும் சேர்ந்தே அதனை விளைத்தன என்று காட்டிற்று. மழையைப் பழித்தது போதிய நோக்கின்மையால் வந்த பழியே.

பொறியைச் சார்ந்த குற்றங்களைச் சுருங்கக் கூறலாம். புரிகளுக்கிடையே எப்பொழுதுஞ் சிறிது தளர்ச்சி உண்டு. டையைச் சட்டத்தோடு பிணிக்கும் பூட்டு வளையத்தின் அடிமுகம் செங்குத்தாக இல்லாவிடின், வளையத்தை இறுக்கியவுடன் டை ஒருபுறஞ் சாயும். வளையத்தைப் பக்கத்திலிருந்து இறுக்கும் ஒற்றைத் திருகாணியும் இதற்கு உதவி செய்யும். ஏறுதண்டை உயர்த்திக் கோது ஒன்று டையினுள் நிற்கும்போதே வளையத்தை இறுக்குதல் எளிய பரிகாரம். வளையத்தின் கீழ் றப்பர் வளையம் ஒன்றை இட்டு, டை தானே அசைந்து இடந்தேட விடுவாரும் உளர். விறைப்பாகப் பூட்டினாலே நேராக நிற்கும் என்பது பலர் எண்ணம்; ஈண்டு சிறு நெகிழ்வே நேர்மையைத் தருகின்றது. ஒரு பக்கந் திறந்த சட்டமுடைய பொறிகள், வலிய கோதை ஒடுக்கும்போது வாய்விரித்து, டையின் அச்சையே சாய்க்கும்; நாற்புறமும் மூடிய சட்டத்தில் இவ்விடர் மிகக் குறைவு. கோதுபிடியின் பிளவில் உலோகத் துகள் சிக்கியிருத்தல் அற்பமாகத் தோன்றும். எனினுங் கோதின் அடி அதன்மேற் சரிந்து நின்றால் மேலே உள்ள யாவுஞ் சரியும். முதலிற் பார்க்கவேண்டியதும், பெரும்பாலும் இறுதியிற் பார்க்கப்படுவதும் அதுவே.

இருத்து டையைக் குறை கூறுவோர் பலர். ஆயின் கோணலான கழுத்தினுள்ளே சன்னத்தை நேராக இருத்துதல் எந்த டைக்கும் அரிது. கழுத்து நேராயிருந்தும் சன்னம் கோணினால் மட்டுமே இருத்து டையை ஐயுறுதல் தகும். அப்பொழுது சன்னத்தின் மூக்கைத் தொடும் தண்டின் குழி அம்மூக்கின் வடிவோடு பொருந்துகின்றதா என்று காண்க. நுனியில் மட்டுந் தொடுமாயின் சன்னம் தள்ளாடும். கோதின் வாயை உட்புறஞ் சிறிது சாய்த்துச் சீவினால், சன்னம் தொடக்கத்திலேயே நேராக இறங்கும். பாதி அமிழ்த்தியபின் தோட்டாவை அரைச்சுற்றுத் திருப்பி மீதியை அமிழ்த்துமாறு அனுபவசாலிகள் சிலர் கூறுவர். பாதி அமிழ்ந்த சன்னம் கழுத்தின் வழியையே பின்பற்றும் ஆதலின், இதனாற் பெரும்பயன் உண்டென நான் நம்பவில்லை, தீங்கும் இல்லை.

நண்பர் கோதுகளைத் தடிப்பறிந்து பிரித்தார், கழுத்தினுட் காரீயத் தூள் இட்டார், குமிழை மெருகிட்டார். ஊசி எட்டினின்றும் மூன்றுக்கு இறங்கிற்று. அவர் மகிழ்ந்து போத்தலைத் திறக்க எழுந்தார். மீண்டும் மைக்கோடு இட்டுப் பார்ப்போம் என்றேன். இம்முறை புள்ளிகள் சிதறவில்லை. பத்தனுள் எட்டு பொறியின் முன்புறத்துக்கு இடப்பக்கமாகவே நின்றன. முன்னர்ச் சிதறிய பெரும்பிழையின் ஆரவாரத்துள் இந்நிலையான சிறுபிழை மறைந்து கிடந்தது. டையை அரைச்சுற்றுத் திருப்பினோம், புள்ளிகள் அசையவில்லை. ஆகவே குற்றம் டையினதன்று. பூட்டு வளையத்தைத் தளர்த்தி, கோது உள்ளே நிற்க மெல்ல இறுக்கினோம். ஊசி ஒன்றரைக் கோட்டுக்கு வந்தது.

அவ்வொன்றரைக் கோட்டின் திசையையும் பார்த்தோம். அது கோதோடுஞ் செல்லவில்லை, பொறியோடும் நிற்கவில்லை. அளக்கும் கட்டைகளைத் தலைமாற்றி வைத்து மீண்டும் உருட்டியபோது, அரைக்கோடு கட்டைகளுடையதே எனத் தெரிந்தது. மற்றைய ஒரு கோட்டை அவர் அப்படியே விட்டுவிட்டார். குறைகூறிக் கடிதம் எழுதப்பெற்ற அந்த முதல் டையே இன்றும் அவருடைய பொறியில் இருக்கின்றது. பின்னர் வாங்கியவை கொட்டகைத் தட்டில் உள்ளன.